வடக்குப் பக்கத்து இலை

ஏற்காடு
20.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் நலம். மடத்தில் உள்ள பதினான்கு பேரும் நலம், இரண்டு பசுக்களும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அமுதா அண்ணிக்குச் சர்க்கரை குறைந்ததா? போன கடிதத்தில் அண்ணியைப் பற்றி இரண்டு வரியும் மிளகாயைப் பற்றி இரண்டு பக்கமும் எழுதியிருந்தாய். அண்ணி அதைப் படித்திருந்தால் உனக்கு அன்றைக்குச் சோறு கிடைத்திருக்காது.

வாட்ஸ்அப் நம்பர் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறாய். நான் இந்த மடத்துக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. வெளியே போவதில்லை, மாதம் ஒரு கடிதம்தான், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் அதுவும் கிடையாது. அந்த நாட்களில் வரும் கடிதங்களை மதர் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவைப்பார், பண்டிகை முடிந்துதான் கைக்கு வரும். போன் மதர் அறையில் இருக்கிறது, ஆபத்து அவசரத்துக்கு மட்டும்.

இப்போது ஒரு உதவி. விவசாயி வீட்டுப் பெண் என்று சொல்லித் தோட்டத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் எந்தக் காலத்தில் நிலத்தில் இறங்கினேன்? பள்ளிக்கூடம் விட்டால் ராதிகா வீடுதான் எனக்கு வீடு. பீன்ஸ் கொடி முழுக்கக் கறுப்பாகப் பேன் அடைந்து கிடக்கிறது. கடை மருந்து வேண்டாம் என்கிறார் மதர். நீ இயற்கை மருந்து என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறாயே, அதை எனக்கும் எழுது.

ராதிகாவின் பட்டுப்புழு எப்படிப் போகிறது? அவளிடம் நான் கேட்டதாகச் சொல். தினமும் உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

உன் தங்கை,
அமலி

ஆரணி
6.11.2024

பாசமுள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் மழைக்குக் கொஞ்சம் முனகுகிறது, மற்றபடி சுகம். அமுதா உன் கடிதத்தை எனக்கு முன்னால் படித்துவிட்டாள். அன்றைக்குச் சோறு கிடைத்தது, குழம்பு கிடைக்கவில்லை.

மருந்தை எழுதிக்கொள். பத்து லிட்டர் கோமியத்தில் ஐந்து கிலோ வேப்பிலையை அரைத்துப் போடு. பச்சை மிளகாய் அரைக் கிலோ, பூண்டு கால் கிலோ, புகையிலை அரைக் கிலோ. மண்பானையில் நன்றாகக் கொதிக்கவிட்டு, இரண்டு நாள் ஆறவிட்டு, துணியில் வடிகட்டு. முதுகில் மாட்டி அடிக்கிற ஒரு டேங்க் தண்ணீருக்குக் கால் லிட்டர் போதும். இதை அக்னி அஸ்திரம் என்பார்கள். பெயரைக் கேட்டு மதர் பயந்துவிடப் போகிறார், புகையிலைத் தண்ணீர் என்றே சொல். பொங்கல் கழிந்தால் நம் மிளகாயில் இலை சுருட்டும். அப்போது நான் புகையிலையை இரட்டிப்பாகப் போட்டு ஒரு தரம் அடிப்பேன். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இருபத்தைந்து விவசாயிகள் வருகிறார்கள். பூச்சியைத் தவிர எந்த உயிருக்கும் தீங்கில்லை என்று நான் சொல்வதை எல்லாரும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

ராதிகா நன்றாக இருக்கிறாள். நிலம் உனக்கு மறந்திருக்கும், சொல்கிறேன். வடக்கே நம் மிளகாய், நடுவில் அவளுடைய ஒரு ஏக்கர் மல்பெரி, தெற்கே கோபிநாத்தின் வேர்க்கடலை. ஷெட் போட்டு, அந்த இலையைக் கொடுத்து இரண்டு வருஷமாகப் புழு வளர்க்கிறாள். அவள் வீட்டுக்காரர் ஜெயவேல் ஆரணி டவுனில் தறிக்குப் போகிறார். என் கூடு பட்டாகி இவர் தறிக்கே வந்தாலும் வரும் என்று சொல்லிச் சிரிப்பாள். கோபிநாத்தான் என் தலைவலி. எதற்கெடுத்தாலும் கடை மருந்து. ஒரு நாளைக்கு உன்னால் ராதிகாவுக்கு நஷ்டம் வரும் என்று சொன்னால், உன் கூட்டத்துல போய்ச் சொல்லு என்கிறான்.

மழை நாளில் குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே.

அண்ணன்,
சத்தியராஜ்

ஏற்காடு
28.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து, பிந்தித்தான் வருகிறது. குளிரில் விரல் மடங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. மற்றபடி சுகம்.

உன் புகையிலைத் தண்ணீர் வேலை செய்தது. இரண்டே தெளிப்பில் பேன் எல்லாம் கொட்டிவிட்டது. கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு எங்கள் பீன்ஸ் பொரியல். பானை கொதித்த அன்று மதர் வராந்தாவில் நின்று, இங்கே யார் பீடி குடித்தது என்று விசாரித்தார். எங்கள் லூர்து மேரி சிஸ்டர் மட்டும் அந்தப் பானை இருந்த பக்கமே வரவில்லை. கொள்ளேகாலிலிருந்து வந்தவர், அவர் வீட்டில் புகையிலையைக் கண்டாலே ஆகாதாம். சிலருக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது.

மருந்தைக் கற்றுக்கொடுத்த அண்ணனுக்காக எல்லாரும் ஒரு ஜெபம் சொன்னோம். ஊரில் உனக்குக் கிடைக்கும் மரியாதையை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதை நேரில் சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும் என்பதால் கடிதத்தில் சொல்கிறேன். ராதிகாவுக்கும் பொங்கல் வாழ்த்துச் சொல்.

உன் தங்கை,
அமலி

ஆரணி
27.1.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அமுதாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது.

ஒரு கெட்ட செய்தி. ராதிகாவின் புழுக்கள் போய்விட்டன. நன்றாக வளர்ந்து, கூடு கட்ட இன்னும் நான்கைந்து நாள்தான் இருந்தது. பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் இலை போட்டாளாம். மத்தியானத்துக்குள் தின்பதை நிறுத்திவிட்டன. எல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு விறைத்து நின்றன. பிறகு பச்சையாகக் கக்கி, சுருங்கிச் செத்தன. மறுநாள் ஷெட்டுக்கு என்னைக் கூப்பிட்டாள். கூடையில் இருந்த இலையை நான் கடித்துப் பார்த்தேன். மருந்து வாடை அடித்தது.

ஊருக்குள் எல்லாருக்கும் கோபிநாத் மேல்தான் கோபம். அந்த வாரம் மருந்தே அடிக்கவில்லை என்று அவன் சத்தியம் செய்தான், யாரும் கேட்கவில்லை. ராதிகா அவன் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். சனிக்கிழமைக் கூட்டத்திலும் அந்தப் பேச்சுதான். என்னையும் பேசச் சொன்னார்கள், நானும் கடை மருந்தைப் பற்றிப் பொதுவாக இரண்டு வார்த்தை சொன்னேன். இப்போது அவனிடம் பால் வாங்குவதைக்கூடப் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள்.

ராதிகா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அமுதா போய் உட்கார்ந்து சாப்பிட வைத்தாள். அவளுக்காக வேண்டிக்கொள்.

அண்ணன்,
சத்தியராஜ்

ஏற்காடு
10.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

ராதிகாவுக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். சின்ன வயதில் ஒரு கோழிக்குஞ்சு செத்ததற்கே அவள் ஒரு வாரம் அழுதவள். சாப்பாட்டு மேசையில் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். புழு தலையைத் தூக்கி விறைத்ததாகச் சொன்னதும் லூர்து மேரி சிஸ்டர் தட்டைத் தள்ளிவிட்டு, அது புகையிலை என்றார். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகப் புழு வளர்க்கிறார்கள். புகையிலை போடுகிற ஆளைப் புழு வீட்டுக்குள் விடமாட்டார்களாம், மல்பெரிக்குப் பக்கத்தில் புகையிலை நடவும் விடமாட்டார்களாம். அதனால்தான் நம் பானையைக் கண்டு ஒதுங்கியிருக்கிறார். நான் அன்றைக்கே காரணத்தைக் கேட்காமல் விட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே அண்ணா, உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மிளகாய் என்ற சொல்லே அதில் இல்லை. உன் கையெழுத்துத்தானா என்று பார்த்தேன். பொங்கல் கழிந்து அடிப்பேன் என்று எழுதியிருந்தாயே, அடித்தாயா? எந்த நாள்? தை மாதத்தில் வாடைக்காற்று வடக்கிலிருந்துதானே வரும்? கோபிநாத் நிலம் தெற்கே அல்லவா இருக்கிறது?

பூச்சியைத் தவிர எந்த உயிருக்கும் தீங்கில்லை என்று சொல்லிக்கொடுக்கிறாய். பட்டுப்புழுவும் பூச்சிதானே.

நான் நினைப்பது தவறாக இருந்தால் என்னை மன்னித்துவிடு. தவறாக இருக்கவேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் தங்கை,
அமலி

ஆரணி
26.2.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லாரும் சுகம். முழங்காலுக்கு அமுதா ஏதோ எண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறாள், வீடெல்லாம் அந்த வாடைதான். நம் பின்கட்டு மாமரம் இந்த வருஷம் இலை தெரியாமல் பூத்திருக்கிறது. கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், ஏணி பிடிக்கப் போனேன். கரும்பு வெட்டு முடிந்து ஆரணி ரோடெல்லாம் டிராக்டர்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது. உங்கள் சிஸ்டரின் ஊர் வேறு, நம் ஊர் வேறு. ஒவ்வொரு ஊர் மண்ணுக்கும் காற்றுக்கும் ஒரு பழக்கம் உண்டு, ஓர் ஊரில் பார்த்ததை வைத்து இன்னோர் ஊரைச் சொல்ல முடியாது.

ராதிகா ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். கோபிநாத் பக்கம் இருக்கும் மல்பெரியை, தெற்குப் பாதி முழுவதையும், வேரோடு பிடுங்கிவிடப் போகிறாள். வடக்குப் பாதியை மட்டும் வைத்துக்கொள்வாளாம். “உங்க பக்கம் இருக்கிற இலைய நம்பி வளர்க்கலாம் அண்ணா, நீங்க மருந்தே அடிக்கமாட்டீங்க” என்றாள். ஏப்ரல் முதல் வாரம் புதுப் புழு வருகிறது. இதுவும் போனால் மொத்தத்தையும் அழித்துவிட்டு ஆரணிக்கு நூல் சுற்றப் போவதாக ஜெயவேலிடம் சொல்லியிருக்கிறாள். பிடுங்க ஆள் சொல்லிவிட்டாள். யோசித்துச் செய் என்று சொன்னேன்.

தவக்காலம் வருகிறது. ரொம்பப் பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்,
சத்தியராஜ்

ஏற்காடு
3.3.2025

அண்ணா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நாளை மறுநாள் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஈஸ்டர் வரைக்கும் நான் எழுத முடியாது, நீ எழுதுவதும் பெட்டிக்குள் போய்விடும். அதனால் நலம் விசாரிக்கவும் நேரமில்லை.

அவள் நல்ல பாதியைப் பிடுங்கிவிட்டுக் கெட்ட பாதியை வைத்துக்கொள்ளப் போகிறாள். உன்னை நம்பித்தான் அப்படிச் செய்கிறாள். யோசித்துச் செய் என்று சொன்னாயாம். அவள் எதை வைத்து யோசிப்பாள்?

ஊர் உன்னை என்ன சொல்லும் என்று நீ பயப்படுவது எனக்குத் தெரியும். என்ன சொன்னாலும் நான் உன் தங்கைதான். போய்ச் சொல்லிவிடு அண்ணா.

அமலி

ஆரணி
16.3.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். ஈஸ்டர் வரைக்கும் இதை நீ படிக்கமாட்டாய். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அடித்தது பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை. புகையிலை ஒரு கிலோ. முந்தின வருஷங்களில் அந்த நேரத்தில் அவள் ஷெட்டில் புழு இல்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. வாடைக்காற்று நன்றாகவே வீசியது, முகத்தில் படாமல் இருக்க நான் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடித்தேன். முதுகைக் காட்டினால் கை எந்தப் பக்கம் நீளும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. கடை மருந்தாக இருந்தால் பக்கத்து நிலத்துக்குச் சொல்லிவிட்டு அடித்திருப்பேன். இது நம் கையால் காய்ச்சியது, வேப்பிலையும் பூண்டும், இதற்கு எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை இலையைக் கடித்த உடனே தெரிந்துவிட்டது. நாக்கு எரிந்தது. இருபது வருஷமாகக் காய்ச்சுகிறவனுக்குப் புகையிலைக் கசப்பு தெரியாதா? “இன்னா அண்ணா, இன்னா வாடை?” என்று ராதிகா கேட்டாள். ஏதோ மருந்து என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தெற்கே திரும்பிக் கோபிநாத் நிலத்தைப் பார்த்தேன். நான் பார்த்ததைப் பார்த்துத்தான் அவளும் பார்த்தாள். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று இரண்டு முறை போனேன். கோயில் சமையலுக்கு நம் காய்கறிதான் போகிறது. மிளகாய் எப்படி சத்தியராஜ் என்று அவரே முதலில் கேட்டுவிட்டார், நன்றாக இருக்கிறது சாமி என்று சொல்லித் திரும்பி வந்தேன். அமுதாவுக்கும் இன்னும் சொல்லவில்லை.

மரியாதை போய்விடும் என்று பயம் பாப்பா. என்னிடம் வேறு என்ன இருக்கிறது? பத்தாவது பெயில் ஆனவனை இருபத்தைந்து பேர் நோட்டு வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். நாளையிலிருந்து பிடுங்க ஆள் வருகிறார்கள்.

அண்ணன்,
சத்தியராஜ்

ஆரணி
30.3.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன். எனக்குச் சுகம் என்று எழுத முடியவில்லை, ஆனால் தூக்கம் வருகிறது.

வெள்ளிக்கிழமை காலை சொன்னேன். பத்து நாளாகக் கூலிக்கு வந்த பெண்கள் தெற்குப் பாதி முழுக்கப் பிடுங்கி வரப்போரம் குவித்திருந்தார்கள். கடைசி இரண்டு வரிசைதான் பாக்கி. ராதிகாவும் கடப்பாறையோடு நின்றாள். இந்தத் தெற்குப் பக்கத்து இலையில் மருந்து ஒன்றும் இல்லை, என் புகையிலைத் தண்ணீர்தான் உன் புழுவைக் கொன்றது என்றேன். அவள் ஆட்களை நிறுத்தச் சொன்னாள். குவிந்து கிடந்த செடிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“எத்தினி நாளா தெரியும்?” என்று கேட்டாள்.

“செத்த மறுநாளேர்ந்து” என்றேன்.

அதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோபிநாத் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு வாளியைக் கீழே வைத்தான். “நான் அடிக்கலன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிகினு திரிஞ்சேன் சத்தியா. என் பொண்டாட்டியே நம்பல. அப்பால எனக்கே சந்தேகம் வந்துட்ச்சு” என்றான். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

நேற்று சனிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். புகையிலை என்று எழுதியதற்குப் பக்கத்தில், மல்பெரி இருக்கும் ஊரில் கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சிலர் எழுதினார்கள். சிலர் நோட்டை மூடிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஏப்ரல் புழுவை ராதிகா வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். வடக்குப் பாதியை முட்டி உயரத்துக்கு வெட்டிவிட்டிருக்கிறாள், புதுத் துளிர் வந்த பிறகுதான் புழு. அவளாக யோசித்துச் செய்தது. நேற்று மாலை கோபிநாத் வீட்டுக்குப் போய், மண் தூற்றிய அதே வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாளாம். இன்று காலை அவனே டிராக்டரைக் கொண்டுவந்து தெற்குப் பக்கத்தை உழுதுகொடுத்தான். பிடுங்கிப் போட்டதில் பச்சை இருந்த குச்சிகளையெல்லாம் துண்டுதுண்டாக நறுக்கி இருவருமாக நட்டுக்கொண்டிருந்தார்கள். மல்பெரி குச்சியிலிருந்தே வரும். நான் வரப்பில் நின்றேன். வா என்று யாரும் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அண்ணன்,
சத்தியராஜ்

ஏற்காடு
22.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் இருக்கட்டும். நேற்று பெட்டியைத் திறந்து உன் இரண்டு கடிதத்தையும் மதர் கொடுத்தார். தோட்டத்தில் உட்கார்ந்து படித்தேன், அழுதேன். உன் மேல் வருத்தம் இல்லை. பத்தாவது பெயில் ஆனதை இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். தவக்காலம் தொடங்கிய இரண்டாம் நாள் மதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இது அவசரம்தான், போன் செய் என்று அவரே எழுந்து வெளியே போனார். நான் ரிசீவரை எடுத்தேன். ராதிகா வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடம், அது மாறவும் இல்லை என்று முன்பொரு கடிதத்தில் நீதான் எழுதியிருந்தாய். மூன்று எண் அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். உன்னைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும், நீயே சொன்னால்தான் உனக்கு மரியாதை என்று நினைத்தேன். லைன் கிடைக்கவில்லை என்று மதரிடம் பொய் சொன்னேன். ஐம்பத்தொரு வயதுக்காரனின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, ராதிகாவின் பாதி மல்பெரியைப் பிடுங்கவிட்டேன். அன்றைக்கே பேசியிருந்தால் ஒரு செடியும் போயிருக்காது. கோபிநாத்துக்கு அந்த மூன்று வார அவமானம் மிச்சமாகியிருக்கும்.

மதரிடம் நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை ராதிகாவிடம் கொடு. நீ வாசித்துக் காட்டாதே, அவளே படிக்கட்டும். பேசாமல் இருந்தது நீ மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரியவேண்டும்.

உன் தங்கை,
அமலி

ஆரணி
21.5.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் சுகம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. அமுதா என்னை மன்னித்துவிட்டாள், ஆனால் நான் எதைக் கொதிக்க வைத்தாலும் வந்து பானைக்குள் எட்டிப் பார்க்கிறாள்.

கூட்டத்துக்கு இப்போது பதினோரு பேர் வருகிறார்கள். கோபிநாத்தும் வருகிறான், நான் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்பதற்காகவே வருகிறான். யார் எதை அடித்தாலும், கடையில் வாங்கியதோ வீட்டில் காய்ச்சியதோ, இரண்டு நாள் முன்னால் பக்கத்து நிலத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அவன்தான் முடிவுசெய்ய வைத்தான். ஜனவரிக்குப் பிறகு நான் மிளகாய்க்கு எதுவும் அடிக்கவில்லை. இலை சுருட்டிப் பாதி போயிற்று, போகட்டும்.

உன் கடிதத்தை ராதிகாவின் ஷெட் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அமுதாவிடம் பதில் சொல்லி அனுப்பினாள். “அண்ணனும் தங்கச்சியும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திகினு இருந்தாங்க, நடுவுல நான் கெடந்தேன். அடுத்த தரம் போன் பண்ணச் சொல்லுங்க அவளை, பாவம் வந்தா எனக்கு வரட்டும்.” அப்படியே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் புதுப் புழு வந்தது. வெட்டிவிட்ட வடக்குப் பாதியில் துளிர் நன்றாக வந்திருந்தது. ஆனால் நம் வரப்பை ஒட்டிய நான்கு வரிசையை மட்டும் அவள் தொடவே இல்லை. இலை முற்றிக் கரும்பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே நான் மிளகாயில் களை எடுப்பேன். தவறு என்னுடையது.

புழு பெரிதானால் ஆடு மாதிரி தின்னும். நேற்று காலை இலை தீர்ந்துவிட்டது. ஜெயவேல் பக்கத்து ஊர்களில் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. பத்து மணி இருக்கும், ராதிகா வரப்புக்கு வந்தாள். ஐம்பது நாளுக்கு மேல் ஆகிறது அவள் என் முகத்தைப் பார்த்து.

“இந்த நாலு வரிசை அறுக்கலாமா?” என்று கேட்டாள்.

ஜனவரியிலிருந்து நான் ஒரு சொட்டுகூட அடிக்கவில்லை, நான்கு மாதம் ஆகிறது, நடுவில் இரண்டு மழை பெய்திருக்கிறது. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை என்று தெரிந்தது. “அறுக்கலாம்மா” என்றேன். அவள் இலையை முகர்ந்து பார்க்கவில்லை, கடித்தும் பார்க்கவில்லை. அரிவாளை எடுத்து அறுக்க ஆரம்பித்தாள். நானும் இறங்கி அறுத்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

கூடைகளை ஷெட் வாசலில் இறக்கிவிட்டு நான் திரும்பினேன். உள்ளேயிருந்து சோப்பை எடுத்துவந்து தொட்டியின் மேல் வைத்தாள். “கையைக் கழுவிகினு வாங்க” என்றாள். கழுவினேன். இன்னொரு தரம் என்றாள், கழுவினேன். பிறகு ஒரு கூடையை என் கையில் கொடுத்தாள்.

“நீங்களே போடுங்க அண்ணா.”

பாப்பா, தட்டுத்தட்டாக நானே போட்டேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாப் புழுவும் இலை மேல் ஏறித் தின்ன ஆரம்பிக்கும் வரைக்கும் இருவரும் அங்கேயே நின்றோம். பிறகு அடுத்த கூடையை எடுத்து நீட்டினாள்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். தின்றுகொண்டிருக்கின்றன. சாயங்காலம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள்.

உன் அண்ணன்,
சத்தியராஜ்